காரில் வரும் வயர்லெஸ் சார்ஜர்: தொடங்குபவர்களுக்கு ஒரு விளக்கம்

கியர் லிவருக்கு முன்னால் ஒரு சின்னப் பள்ளம், அதில் ரப்பர் மேட், மேட்டின் நடுவில் ஒரு ஃபோன் படம் அல்லது மின்னல் குறி. வண்டியை ஒப்படைக்கும் நாளில் ஷோரூம் ஊழியர் அதைக் காட்டி, "ஃபோனை இதுல வச்சாப் போதும் சார், தானா சார்ஜ் ஏறும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வசதிக்குப் போய்விடுவார். கொஞ்ச நாளில் புகார்கள் தொடங்கும். ஃபோன் கொதிக்கிறது. ஒரு மணி நேரம் வைத்தும் நாலைந்து சதவீதம்தான் ஏறியது. விளக்கு விட்டு விட்டு எரிகிறது. அப்புறம் அந்தப் பள்ளம் டோல் ரசீதும் சில்லறையும் போடும் இடமாகிவிடும்.

காசு கொடுத்து வாங்கிய ஒரு நல்ல வசதி இப்படிக் கிடப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தப் புகார்களில் பெரும்பாலானவை கருவியின் கோளாறே இல்லை. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று யாரும் பொறுமையாகச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காலியான ஃபோனை நிரப்ப இதை நம்பாதீர்கள், இருக்கும் சார்ஜ் வழியில் இறங்காமல் பார்த்துக்கொள்ள நம்புங்கள். ஏன் அப்படி என்பது அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் விளங்கும்.

மேட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது

ரப்பர் மேட்டுக்குக் கீழே செப்புக் கம்பியைத் தட்டையாகச் சுற்றிய ஒரு சுருள் இருக்கிறது. சில கார்களில் ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி இரண்டு மூன்று சுருள்கள் இருக்கும். உங்கள் ஃபோனின் முதுகிலும், பேட்டரியை ஒட்டி, அதே போல ஒரு தட்டைச் சுருள் இருக்கிறது. கீழே உள்ள சுருளில் மின்சாரம் ஒரு நொடிக்கு லட்சம் தடவைக்கு மேல் திசை மாறி மாறி ஓடுகிறது. அதனால் அதைச் சுற்றி ஒரு காந்தப்புலம் உண்டாகி, அதே வேகத்தில் மாறிக்கொண்டே இருக்கிறது. மாறுகிற காந்தப்புலத்தில் ஒரு கம்பிச் சுருளை வைத்தால் அந்தச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். பள்ளிக்கூடத்தில் மின்காந்தத் தூண்டல் என்று படித்தோமே, அதே பாடம்தான். ஃபோனின் சுருளில் பிறக்கும் மின்சாரத்தை உள்ளே இருக்கும் சின்னச் சுற்று நேர்மின்னோட்டமாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புகிறது.

வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் பாதி விஷயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அங்கேயும் கண்ணாடித் தட்டுக்கு அடியில் சுருள்தான். அடுப்பு சூடாவதில்லை, மேலே வைத்த இரும்புப் பாத்திரம் சூடாகிறது. பாத்திரத்தைக் கொஞ்சம் தூக்கினால் அடுப்பு கத்தும், நடுவிலிருந்து நகர்ந்தால் வேகம் குறையும். ஃபோன் சார்ஜரிலும் தூரமும் நடுவும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. உலோகம் உள்ளே வந்தால் சூடாகும் என்பதும் அப்படியே பொருந்தும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எந்தக் கம்பெனி ஃபோனை எந்தக் கம்பெனி காரில் வைத்தாலும் வேலை செய்ய வேண்டும் என்றால் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு தரநிலை வேண்டும். 2008-இல் தொடங்கிய வயர்லெஸ் பவர் கன்சார்ட்டியம் என்ற அமைப்பு 2010-இல் அதை வெளியிட்டது. ஆங்கிலத்தில் க்யூ, ஐ என்று இரண்டு எழுத்துகள், வாயால் சொல்லும்போது ‘ச்சீ’ என்பார்கள். இங்கே கியூஐ என்றே எழுதுகிறேன். 2012-இல் நோக்கியா லூமியா 920, 2015-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்6, 2017-இல் ஐஃபோன் 8 என்று ஃபோன்கள் ஒவ்வொன்றாக அதற்குள் வந்தன. கார்களில் முதலில் இதைக் கொண்டுவந்தது டொயோட்டா, 2013 மாடல் அவலான் காரில். நம்மூர்ச் சாலைக்கு இது பரவலாக வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் வென்யூ 2019-இலும், புதிய கிரெட்டா 2020-இலும் இந்தச் சார்ஜிங் மேட்டோடு, அதாவது பேடோடு, வந்தன. கியா செல்டோஸ், டாடா நெக்ஸான், மாருதி பிரெஸ்ஸா என்று இன்று பல வண்டிகளில் மேல் வேரியன்ட்டுகளில் இது இருக்கிறது. கீழ் வேரியன்ட்டுகளில் அதே பள்ளம் இருக்கும், உள்ளே சுருள் இருக்காது. வெறும் சாமான் வைக்கும் இடம் அது. பழைய கார் வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஃபோனும் பேடும் பேசிக்கொள்கின்றன

பலருக்குத் தெரியாத, ஆனால் தெரிந்தால் பல குழப்பம் தீர்கிற விஷயம் இது. பேட் எந்நேரமும் மின்சாரத்தைக் கொட்டிக்கொண்டிருப்பதில்லை. மேலே ஏதாவது வந்திருக்கிறதா என்று சிறு துடிப்புகளை அனுப்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஃபோன் வந்தால், அந்தத் துடிப்பிலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டு விழித்து, "நான் இன்ன வகை, எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று பதில் சொல்லும். தனி ரேடியோ எதுவும் இதற்கு வேண்டாம். தான் இழுக்கும் மின்சாரத்தை ஃபோன் லேசாக ஏற்றி இறக்கினால், அந்த மாற்றத்தை பேட் தன் சுருளிலேயே படித்துவிடும்.

அதற்குப் பிறகும் பேச்சு நிற்பதில்லை. கூட்டு, குறை, நிறுத்து என்று ஃபோன் சொல்லிக்கொண்டே இருக்கும், பேட் அப்படியே செய்யும். அதாவது சார்ஜ் எவ்வளவு வேகமாக ஏற வேண்டும் என்பதை முடிவு செய்வது கார் இல்லை, ஃபோன். பேட் 15 வாட் தரக்கூடியது என்று காரின் விளம்பரத்தில் போட்டிருக்கும். ஐஃபோனை வழக்கமான கியூஐ பேடில் வைத்தால் அது அதிகபட்சம் 7.5 வாட்தான் கேட்கும். சாதாரண கியூஐ ஃபோன்கள் பல 5 வாட்டோடு நிற்கும். ஒன்பிளஸ் போன்றவை தங்கள் சொந்த ஸ்டாண்டில் 50 வாட் வரை எடுக்கும், கார் பேடில் வைத்தால் பொதுத் தரநிலைக்கு இறங்கிவிடும். விளம்பரத்தில் போட்ட எண்ணை நம்பிக் காரைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் ஃபோனில் இது இருக்கிறதா

முதலில் பார்க்க வேண்டியதே இதுதான். இந்தியாவில் அதிகம் விற்கும் நடுத்தர விலை ஃபோன்களில் வயர்லெஸ் சார்ஜிங் பெரும்பாலும் கிடையாது. சாம்சங்கில் எஸ் வரிசை ஃபோன்களில் உண்டு, ஏ, எம் வரிசைகளில் எதிர்பார்க்க வேண்டாம். ஐஃபோனில் 8-லிருந்து எல்லாவற்றிலும் உண்டு. பிக்ஸலில் விலை குறைந்த ஏ வரிசைக்கு அது வந்ததே 2023-இல், 7ஏ மாடலோடு. நத்திங் ஃபோன் 1, 2 இரண்டிலும் உண்டு, 2ஏ-யில் இல்லை. ஒரே கம்பெனிக்குள்ளேயே இப்படி மாறும் என்பதால் கம்பெனி பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. உங்கள் மாடலின் விவரப் பட்டியலில் வயர்லெஸ் சார்ஜிங் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஃபாஸ்ட் சார்ஜிங் 67 வாட்’ என்று போட்டிருப்பது வயரைப் பற்றியது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இல்லாத ஃபோனுக்கு, முதுகில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய சுருள் அட்டை ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதன் வால் ஃபோனின் டைப்-சி துளையில் செருகியபடியே இருக்கும். வேலை செய்யும். ஆனால் மெதுவாக ஏறும், சூடாகும், துளையும் அடைபட்டுவிடும். நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் காசுக்கு நல்ல கேபிள் ஒன்று வாங்கிக் காரிலேயே போட்டு வையுங்கள்.

எவ்வளவுதான் ஏறும்? ஒரு கணக்கு

5000 எம்ஏஎச் பேட்டரி என்பது ஆற்றல் அளவில் சுமார் 19 வாட்-மணி. அதாவது 19 வாட் வீதம் ஒரு மணி நேரம் கொடுத்தால் நிறையும், வழியில் ஒன்றும் வீணாகாவிட்டால். 5 வாட் பேடில், ஃபோனைத் தொடாமல் வைத்திருந்தாலே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஆனால் காரில் ஃபோன் சும்மா கிடப்பதில்லை. மேப் ஓடுகிறது. ஜிபிஎஸ் ஓடுகிறது. வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது கார்ப்ளே என்றால் காரின் திரைக்குப் படத்தை வைஃபை வழியாக நொடிக்கு நொடி அனுப்பிக்கொண்டிருக்கிறது. பாட்டு ஓடுகிறது, நெடுஞ்சாலையில் டவர் மாறி மாறிப் பிடிக்கிறது. இந்த வேலைக்கெல்லாம் சேர்த்து இரண்டு மூன்று வாட் போய்விடும். திரையும் பிரகாசமாக எரிந்தால் இன்னும் கூடும். 5 வாட் வந்து 3 வாட் செலவானால் மிச்சம் 2 வாட். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 10 சதவீதம். அதிலும் இழப்பைக் கழித்தால் இன்னும் குறைவு.

சென்னையிலிருந்து விழுப்புரம் போகிறீர்கள் என்று வையுங்கள், மூன்று மணி நேரம். 60 சதவீதத்தில் ஏறி உட்கார்ந்தால் 75, 80-இல் இறங்கலாம். பேடில் வைக்காமல் மேப் போட்டுக்கொண்டே போயிருந்தால் அதே ஃபோன் 30-க்கும் கீழே இறங்கியிருக்கும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் பேட் செய்த வேலை. ‘மூன்று மணி நேரத்தில் வெறும் 15 சதவீதம்தான் ஏற்றியது’ என்று பார்க்கிறவருக்கு அது கண்ணில் படாது.

15 வாட் பேடும் அதை எடுத்துக்கொள்ளும் ஃபோனும் கிடைத்தால் கதை நன்றாகவே மாறும். காகிதத்தில் ஒரு மணி நேரத்தில் பாதி பேட்டரி ஏறிவிட வேண்டும். ஆனால் சூடு ஏற ஏற ஃபோன் தானே குறைத்துக் கேட்கும் என்பதால் 15 வாட் முழுப் பயணத்துக்கும் நிலைப்பது அபூர்வம்.

அவசரம் என்றால் கேபிள். 10 சதவீதத்தில் ஏறி, அரை மணியில் இறங்க வேண்டியிருந்தால் பேடைத் தொடாதீர்கள், டைப்-சி துளையில் செருகுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கொஞ்சம் பழைய கார்களில் டேட்டாவுக்கென்று இருக்கும் அகலமான யுஎஸ்பி துளை சில சமயம் 2.5 வாட்தான் தரும். அதற்கு இந்த பேடே மேல். பழைய சிகரெட் லைட்டர் துளையில் நல்ல அடாப்டர் போட்டால் அதைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும்.

காரின் பேட்டரி இறங்கிவிடுமா, பெட்ரோல் கூடுதலாகச் செலவாகுமா என்றும் கேட்கிறார்கள். ஒரு ஹாலோஜன் ஹெட்லைட் பல்பு ஒன்றே 55 வாட். அதன் பக்கத்தில் இது கணக்கிலேயே வராது. வண்டியை அணைத்துவிட்டால் பேடும் அணைந்துவிடும்.

சூடு

இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன், ஏனென்றால் பேட்டரியின் ஆயுள் இதில்தான் அடங்கியிருக்கிறது. கேபிளில் போகும்போது வழியில் வீணாவது கொஞ்சம். காற்றிடைவெளியைத் தாண்டிப் போகும்போது, எல்லாம் சரியாக அமைந்தாலும், சுமார் கால்பங்கு வெப்பமாகிவிடும். ஃபோன் ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் இன்னும் அதிகம். அந்த வெப்பம் பிறப்பது ஃபோனின் முதுகில், பேட்டரிக்கு ஒட்டினாற்போல. அதோடு மேப் ஓட்டும் சிப்பின் சூடும், விண்ட்ஷீல்டு வழியாக விழும் மே மாத வெயிலும் சேர்ந்துகொள்கின்றன.

லித்தியம் அயான் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. தன் ஃபோன்களை 0 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம்மூரில் சித்திரை மாதத்தில் வெளியிலேயே 35 தாண்டிவிடும், வெயிலில் நிறுத்திய காருக்குள் 50-ஐத் தாண்டும். அதனால் ஃபோன் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். முதலில் சார்ஜ் வேகத்தைக் குறைக்கும், திரையை மங்கலாக்கும், அப்புறம் சார்ஜிங்கையே நிறுத்தி வைக்கும். ஐஃபோன் அதிகம் சூடானால் 80 சதவீதத்தோடு நின்றுவிடுவதும் உண்டு. அது கோளாறு இல்லை, ஆறியதும் மீண்டும் ஏறும்.

என் வழக்கம் இது. வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஃபோனை பேடில் வைக்க மாட்டேன். ஏசி போட்டு உள்ளே சூடு தணிந்த பிறகுதான் வைப்பேன். கோடையில் பகல் நேர நீண்ட பயணம், கூடவே வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ என்றால் பேடை விட்டுவிட்டு கேபிளில் போட்டு, ஃபோனை நிழலான இடத்தில் வைத்துவிடுவேன். இரவுப் பயணத்திலும் மழைக்காலத்திலும் பேடில் வைத்தபடியே போகலாம், கவலையில்லை. கியா, ஹூண்டாய் வண்டிகள் சிலவற்றில் பேடுக்கு அடியில் சின்ன விசிறி இருக்கும், ஃபோன் சூடாவது தெரிந்தே அதை வைத்திருக்கிறார்கள். உங்கள் பேடில் சிறு துளைகள் இருந்தால் அது காற்று வரும் வழியாக இருக்கலாம், அதைத் துணியாலோ கூடுதல் மேட்டாலோ மூடிவிடாதீர்கள்.

தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கையில் பிடிக்க முடியாத சூடு இயல்பில்லை. அப்படியானால் நடுவில் ஏதோ உலோகம் இருக்கிறது, அல்லது ஃபோன் வெகுவாக விலகி உட்கார்ந்திருக்கிறது.

எப்படி வைப்பது

ஃபோனின் சுருள் முதுகின் நடுவில் இருக்கிறது. பேடின் சுருள் அந்தக் குறி அச்சிட்ட இடத்துக்கு நேர் கீழே. இரண்டின் நடுவும் ஒன்றின்மேல் ஒன்று வர வேண்டும், ஒரு சென்டிமீட்டர் விலகினாலே வேகம் இறங்கும். பெரிய ஃபோன்களில் கேமரா மேடு பள்ளத்தின் ஓரத்தில் முட்டி, ஃபோன் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்போது ஃபோனை 180 டிகிரி திருப்பி, கேமரா எதிர்ப்பக்கம் வரும்படி வைத்துப் பாருங்கள். பல வண்டிகளில் அந்த ஒரு மாற்றத்திலேயே சரியாகிவிடும்.

வைத்துவிட்டுக் கையை எடுக்கும் முன் இரண்டு நொடி பொறுங்கள். ஃபோன் ஒரு அதிர்வு அல்லது ஒலி கொடுக்கும், பேடின் விளக்கு எரியும். கியா, ஹூண்டாயில் ஆரஞ்சு நிறம் என்றால் ஏறிக்கொண்டிருக்கிறது, பச்சை என்றால் நிறைந்துவிட்டது, ஆரஞ்சு விட்டு விட்டு எரிந்தால் ஏதோ சிக்கல். எரியவே இல்லையென்றால் ஃபோனை மேலும் கீழுமாக விரல் அகலம் நகர்த்துங்கள். எந்த இடத்தில் பிடிக்கிறது என்று ஒரு நாள் நிதானமாக, வண்டி நிற்கும்போது கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் அப்புறம் கை தானாக அங்கே போகும். ஓட்டிக்கொண்டே இந்த வேலையைச் செய்யாதீர்கள். ஓட்டும்போது கையில் ஃபோன் வைத்துப் பயன்படுத்துவதை 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. ஃபோன் கையைவிட்டு ஓர் இடத்தில் நிலையாக உட்காருவதே இந்தப் பள்ளத்தால் கிடைக்கும் முதல் நன்மை என்று நினைக்கிறேன்.

எவ்வளவு நகர்த்தியும் பிடிக்கவில்லையா? காரின் திரையில் அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். சில வண்டிகளில் வயர்லெஸ் சார்ஜிங்கை அணைத்து வைக்கும் வசதி உண்டு. குழந்தைகள் திரையில் விளையாடி அணைத்துவிட்டிருக்கலாம்.

பேக் கவர் பற்றி: மெல்லிய சிலிக்கான், பிளாஸ்டிக் கவர்கள் பிரச்சினை இல்லை. விழுந்தால் உடையாத தடிமனான கவர்களில் இடைவெளி கூடி, வேகம் குறையும் அல்லது பிடிக்கவே பிடிக்காது. முதுகில் விரல் மாட்டும் வளையம், பிடிமானக் குமிழ் ஒட்டியிருந்தால் ஃபோன் தட்டையாகப் படியாது. ஏசி வென்ட்டில் மாட்டும் காந்த ஹோல்டருக்காக ஃபோனின் முதுகில் ஒட்டுகிற அந்த மெல்லிய இரும்புத் தகடு இருக்கிறதே, அதை முதல் வேலையாகக் கழற்றுங்கள். அது சுருளுக்கும் சுருளுக்கும் நடுவே சுவர் எழுப்பினது போல, மின்சாரம் ஃபோனுக்குப் போகாமல் தகடு சூடாகும்.

நடுவில் என்ன இருக்கக் கூடாது

ஃபோனுக்கு அடியில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? காந்தப்புலம் நாணயத்துக்குள் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கும், நாணயம் சூடாகும். இதற்காகவே பேடில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. தான் அனுப்பியது எவ்வளவு, ஃபோனுக்கு வந்து சேர்ந்ததாக ஃபோன் சொல்வது எவ்வளவு என்று பேட் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கணக்கு உதைத்தால் நடுவில் வேறெதுவோ குடிக்கிறது என்று புரிந்துகொண்டு நிறுத்திவிடும், விளக்கை விட்டு விட்டு எரியவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் மிகச் சின்ன உலோகத் துண்டுகள், சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் அலுமினியத் தாள், மாத்திரை அட்டையின் ஓரம் போன்றவை சில நேரம் தப்பிவிடலாம். அதனால் பேட் மேல் சில்லறை போடும் பழக்கத்தை விட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

நாணயத்தைவிட நான் பயப்படுவது அட்டைகளுக்கு. ஃபிளிப் கவரின் உள்பையில் டெபிட் கார்டு, மெட்ரோ கார்டு, அலுவலக அடையாள அட்டை வைப்பது நம்மில் பலருக்கும் வழக்கம். அந்தக் கவரோடு ஃபோனை பேடில் வைத்தால் அட்டை இரண்டு சுருளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. காந்தப் பட்டை உள்ள அட்டைகளும், தட்டிப் பணம் கட்டும் சிப் உள்ள அட்டைகளும் இதில் பழுதாகலாம் என்று கார் கையேடுகளே எச்சரிக்கின்றன. அட்டையை எடுத்து பர்ஸில் வையுங்கள். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டாகுக்கு இதனால் ஒன்றும் ஆகாது, அது எங்கேயோ இருக்கிறது.

ஃபோனுக்குள்ளேயே உள்ள சிப்புக்கும் ஒரு முறை இந்தச் சிக்கல் வந்தது. சில கார்களில் வயர்லெஸ் சார்ஜ் செய்த பிறகு ஐஃபோன் 15 மாடல்களில் ஆப்பிள் பே முதலான தட்டிக் கட்டும் வசதிகள் வேலை செய்யாமல் போகக்கூடும் என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டு, 2023 நவம்பரில் ஐஓஎஸ் 17.1.1 மூலம் திருத்தம் கொடுத்தது. ஃபோனின் மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஃபோனுக்கும் சார்ஜருக்கும் தள்ளியிருக்க வேண்டும். வயர்லெஸ் சார்ஜ் ஆகும்போது 30 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வையுங்கள் என்று ஆப்பிள் சொல்கிறது. இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தால் அந்தத் தூரம் கிடைத்துவிடும். பேட் பக்கம் குனிந்து எதையாவது தேடுவதுதான் கூடாது. மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கதவைத் திறந்தால் ஏன் நிற்கிறது

இது எனக்குப் பிடித்த பகுதி. ஓட்டிக்கொண்டு போகும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. வழியில் டீ குடிக்க நிறுத்தி யாரோ கதவைத் திறந்தால் சார்ஜிங் நின்று, மறுபடி தொடங்குகிறது. பேட் கெட்டுவிட்டது என்று சர்வீஸ் சென்டருக்குப் போகிறார்கள்.

காரணம் சாவி. பட்டன் ஸ்டார்ட் உள்ள வண்டிகளில் ஸ்மார்ட் கீ காருக்குள் இருக்கிறதா என்று கார் அவ்வப்போது தேடும், கதவு திறக்கும்போதும், மூடும்போதும், ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போதும். அந்தத் தேடல் அழைப்பு பெரும்பாலான கார்களில் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் போகிறது. கியூஐ பேட் பெரும்பாலும் இயங்குவது 110 முதல் 205 கிலோஹெர்ட்ஸுக்குள். இரண்டும் ஒரே தெருவில் நிற்கின்றன. பேட் தன் முழு பலத்தில் ஓடினால் சாவிக்கு அழைப்பு கேட்காது. அதனால் சாவியைத் தேடும் அந்தச் சில நொடிகளுக்கு பேட் ஒதுங்கிக்கொள்ளும்படி வடிவமைத்திருக்கிறார்கள். தேடல் முடிந்ததும் தானே தொடரும். இதே காரணத்தால் சாவியை பேட் மேலோ பக்கத்திலோ வைக்காதீர்கள். ‘சாவி காரில் இல்லை’ என்று திரை சொல்லும்போது பாதி நேரம் சாவி அங்கேதான் கிடக்கும்.

ஏஎம் வானொலி கேட்பவர்களுக்கு இன்னொன்று. பேடின் அதிர்வெண் மடங்குகளாகப் பெருகி ஏஎம் அலைவரிசைக்குள் நுழையும். உதாரணத்துக்கு 144 கிலோஹெர்ட்ஸில் ஓடும் பேடின் ஐந்தாம் மடங்கு 720, அது சென்னை வானொலியின் இடம். ஃபோனை பேடில் வைத்ததும் கரகரப்பு வந்தால், எடுத்துப் பாருங்கள், நின்றுவிடும். எஃப்எம்முக்கு இந்தத் தொல்லை இல்லை.

இனி வாங்குகிறவர்களுக்கு

2023 ஜனவரியில் கியூஐ2 என்ற புதிய தலைமுறையை அறிவித்தார்கள். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஆப்பிளின் மேக்சேஃப் முறையை அடிப்படையாகக் கொண்டு, சுருளைச் சுற்றி ஒரு காந்த வளையம் சேர்த்திருக்கிறார்கள். ஃபோன் தானாக இழுபட்டு நடுவில் உட்காரும். இவ்வளவு நேரம் நகர்த்தி நகர்த்திப் பார்க்கச் சொன்னேனே, அந்த வேலையே இல்லை. வளைவில் திரும்பும்போது ஃபோன் வழுக்கி விலகுவதும் இல்லை. நடு சரியாக அமைவதால் 15 வாட்டும் கிடைக்கிறது. ஐஃபோன் 15-க்கும், ஐஓஎஸ் 17.2 போட்ட 13, 14-க்கும் இது பொருந்தும். பிக்ஸல் 10-இல் காந்தம் உள்ளேயே இருக்கிறது. கேலக்ஸி எஸ்25-க்குக் காந்தம் உள்ள கவர் போட வேண்டும்.

கார் வாங்கும்போது இந்த ஒரு வசதிக்காக மேல் வேரியன்ட்டுக்குப் போக வேண்டாம் என்பேன். வேறு காரணங்களுக்காகப் போனால் இது கூட வரட்டும். டெஸ்ட் டிரைவ் எடுக்கும்போது உங்கள் ஃபோனை, நீங்கள் தினமும் போட்டிருக்கும் கவரோடு, அந்தப் பள்ளத்தில் வைத்துப் பாருங்கள். நீளத்துக்கு இடம் போதுகிறதா, கேமரா மேடு முட்டுகிறதா, ஒரு வேகத்தடையைத் தாண்டிய பிறகும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். கீழ் வேரியன்ட் எடுத்துவிட்டு பேட் வேண்டும் என்று ஆசைப்பட்டால், காந்தம் உள்ள கியூஐ2 கார் ஹோல்டர் ஒன்று வெளியில் வாங்கி, ஏசி வென்ட்டில் மாட்டி, டைப்-சி அடாப்டரில் இணைக்கலாம். ஏசியின் குளிர்ந்த காற்று ஃபோனின் முதுகில் நேராகப் படும் என்பதால், வெயில் காலத்தில் அது காரோடு வரும் பல பேடுகளைவிட நன்றாகவே வேலை செய்யும்.